கூட்டமில்லாத சறுக்கு

"சேலையோட உள்ள விட மாட்டோமுங்கம்மா. நைலான் டிரெஸ் போட்டுத்தான் போகோணும்."

தண்ணீர்ப் பூங்கா வாசலில் நின்ற பெண் வாடகை உடையை நீட்டினாள். ஆட்டையாம்பட்டி மாரக்காள் அதை விரித்துப் பார்த்தார். முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை, கிளிப் படம் போட்ட சட்டை, தலைக்கு ஒரு ரப்பர் தொப்பி.

"நான் குளிக்க வரலீங்க. ஒருத்தரைப் பார்த்துப்போட்டு உடனே வந்துருவேன்."

"பார்க்கறதுக்கும் இதே டிரெஸ்தானுங்க."

மகன் ஜீவானந்தத்துக்கு வயது முப்பத்து நான்கு. பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த வீட்டில், மல்லசமுத்திரத்து ரஞ்சனியின் ஜாதகம் ஒருவழியாகப் பொருந்தியிருந்தது. அடுத்த வாரம் பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்கு முன்னால், அவளுக்குத் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிட மாரக்காளுக்கு ஆசை. இன்றைக்கு அவள் தோழிகளோடு இங்கே வருவதாகத் தரகர் காதில் போட்டிருந்தார். மகனுக்காகக் கிளிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ரஞ்சனியைக் கண்டுபிடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. போட்டோவில் பார்த்த அதே முகம். ஆனால் அந்த முகம் நேராக இவரை நோக்கி வந்தது. இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டால், அடுத்த வாரம் எந்த முகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போவது?

பக்கத்தில் ஒரு படிக்கட்டு. கூட்டமே இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்காமல் விறுவிறுவென்று ஏறினார். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால், ஒரு பஸ் நிறையக் கல்லூரிப் பையன்கள் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தார்கள். இறங்க வழியில்லை. உச்சிவரை போய்விட்டார்.

"ஏனுங்க, நான் எறங்கிக்கறேன்," என்றார், விசிலோடு நின்ற ஊழியரிடம்.

"எறங்கறதுக்குத்தானுங்க இந்தக் குழாயே இருக்குது. உக்காருங்க."

இரண்டு பேர் உட்காரும் ரப்பர் மிதவையில் ஏற்கெனவே ஒரு அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கிளிச் சட்டைதான்.

"நீங்களும் தெரியாம ஏறிட்டீங்களா?"

"ஆமாங்க. ஒரு சோலியா வந்தேன். மாட்டிக்கிட்டேன்."

மாரக்காள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். இருட்டு செங்குத்தாக இறங்கியது. உயிர் போவது உறுதி என்று தெரிந்துவிட்டது. பொய்யோடு போய்ச் சேருவதற்கு மனசு ஒப்பவில்லை.

"யாருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டுச் சாகோணுமுங்க. எம் பையனுக்குப் பொண்ணு பார்த்திருக்கறோம். போட்டோவுல இருக்கற முடி அவனுது இல்லீங்க. விக்குங்க!"

அந்த அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். "தலை முழுக்கவா?"

ஊழியர் மிதவையைத் தள்ளிவிட்டார்.

"முன்னாடி மட்டுந்தானுங்...கோஓஓ!"

குழாய் அவர்களைச் சுழற்றி, ஒரு சுவரில் ஏற்றி, அங்கிருந்து பின்னோக்கி இறக்கி, கடைசியில் குளத்தில் தலைகுப்புறக் கவிழ்த்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி எழுந்தார்கள். உயிர் இருந்தது. சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது.

"இன்னொருக்கா போலாமுங்களா?" என்றார் அந்த அம்மாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "பொண்ணு ஊட்டுல எப்பச் சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"தாலி ஏறட்டுமுங்க. அப்பறம் பார்த்துக்கலாம்."

"அதுவுஞ் சரிதானுங்க. பையன் நல்லவனா இருந்தாப் போதும், முடியா முக்கியம்?"

இப்படியும் ஒரு மனுஷியா என்று மாரக்காள் நெகிழ்ந்துபோனார்.

அப்போதுதான் குளத்தின் ஓரத்தில், இடுப்பில் கை வைத்தபடி நின்ற ரஞ்சனியைக் கண்டார். சட்டென்று தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் ரஞ்சனி இவரைப் பார்க்கவேயில்லை. பக்கத்து அம்மாளைத்தான் முறைத்தாள்.

"ஏம்மா, மாப்பிள்ளையோட அம்மா வேவு பார்க்க வந்தாலும் வருவாங்க, அடக்கமா இருன்னு காத்தால என்னைய அந்தப் பேச்சுப் பேசிப்போட்டு, நீ இங்க சறுக்கி உளுந்துக்கிட்டிருக்கறயா?"