சபீனா வாயைத் திறக்காத நாள்

சத்தம் போடும் குழந்தையைக் கண்டு நான் பயந்ததே கிடையாது. சத்தம் போடாத குழந்தையைக் கண்டால்தான் எனக்குப் பயம். எதையோ உடைத்திருக்கும், இல்லை உடைக்கப் போகிறது என்று அர்த்தம். ஓவிய டீச்சராக இருந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.

மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதில் தற்காலிக ஓவிய டீச்சராகச் சேர்ந்திருந்தேன். (தற்காலிகம் என்றால், எந்த நிமிஷமும் "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிடலாம்.) வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், கரஸ்பாண்டன்ட் மேடம் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலுக்குக் குறுக்கே நின்றவள் மூன்றாம் வகுப்பு சபீனா.

அவள் அப்பா பக்கத்துத் தெருவில் சோபா தைக்கும் கடை வைத்திருந்தார். பெண்ணுக்கு வாய். அப்படி ஒரு வாய்! பிரஷ்ஷைத் தொட மாட்டாள். பெஞ்சு பெஞ்சாகப் போய் அடுத்தவர்களின் படங்களுக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் போன வழியெல்லாம் அழுகை, கிழிந்த பேப்பர், கொட்டிய தண்ணீர். போர்டில் நான் வரைந்தாலும் விட மாட்டாள்.

"இன்னா மிஸ் இது? யானைன்னு சொல்ட்டு எலிய போட்டுக்கினு கீறீங்க?"

(அது எலி மாதிரிதான் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.) எனக்கு முன்பிருந்த ஓவிய டீச்சர் வேலையே வேண்டாமென்று கே.கே. நகரில் ஜாக்கெட் தைக்கப் போய்விட்டார் என்று கேள்வி.

மேடம் வருகிற நாள் காலையில் சபீனாவை வராந்தாவுக்குத் தனியாக அழைத்துப் போனேன்.

"இன்னிக்கு ஓவிய பீரியட் முடியற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. திறக்கலேன்னா உனக்கு ஒரு புது பிரஷ்."

"இன்னா ஆனாலுமா மிஸ்?"

"என்ன ஆனாலும்."

"சீலிங் இட்ஞ்சி வுழுந்தாலுமா?"

"விழாது. ஏதாவது சொல்லியே ஆகணும்னா பேப்பர்ல வரைஞ்சு காட்டு. சத்தம் வரக் கூடாது."

"காட் பிராமிஸ் மிஸ்" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாளே, அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பையைச் சோதித்தேன், நாலு சோபா ஆணி கிடைத்தது. பறிமுதல் செய்தேன். என் நாற்காலியில் பசை தடவியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கலர் கப்புகளை முகர்ந்துகூடப் பார்த்தேன். எதை எதிர்பார்த்து முகர்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடம் வந்தார். வகுப்பிலிருந்த ஒரே ஃபேனும் அவர் பக்கம் திருப்பப்பட்டது. நான் தி. நகரில் அந்த நாளுக்கென்றே வாங்கிய சந்தனக் கலர் காட்டன் புடவையில் இருந்தேன். பெரிய டீச்சர் மாதிரி கம்பீரமாக இருக்கட்டும் என்று, வழக்கமாக இடுப்பில் செருகும் முந்தானையைப் பின்னால் நீளமாகத் தொங்க விட்டிருந்தேன். அன்றைய பாடம் கடற்கரை. மேஜைக்கு மேஜை கப் நிறைய நீலம்.

சபீனா அமைதியாக இருந்தாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் எதிரிலேயே காவல் நின்றேன். எனக்குப் பின்னாலிருந்த மேஜையில் லேசாகச் சாய்ந்துகொண்டேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் இடுப்புக்குப் பின்னால் பார்த்தாள். கண் பெரிதானது. சரசரவென்று வரைய ஆரம்பித்தாள்.

ஆகா, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். என் கொண்டையை இட்லியாக வரைந்து வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டவள் அவள். பேப்பரை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். சுற்றியிருந்தவர்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். மேடம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். படக்கென்று பேப்பரைப் பிடுங்கினேன். பார்க்கவே இல்லை. கொண்டுபோய் என் மேஜையில் கவிழ்த்து, டஸ்டரை வைத்து அழுத்தினேன். என்னிடமா உன் வேலை!

"குழந்தைகள்லாம் சாதுவா இருக்காளே" என்றார் மேடம்.

வேலை நிரந்தரம் என்றே முடிவு செய்துவிட்டேன். அந்த நிம்மதியில்தான் வியர்வை ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்து நெற்றியைத் துடைத்தேன். இரண்டு கன்னம். கழுத்து. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

ஜில்லென்று இருந்தது. சுகமாகக்கூட இருந்தது.

வகுப்பு முழுக்க என் முகத்தையே பார்த்தது. அப்புறம் கூரை பறந்த சிரிப்பு. சபீனா மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கட்ட உட்கார்ந்திருந்தாள்.

"சபீனா! என்னடி பண்ணினே?" என்று கத்தினேன். அவள் டஸ்டரைக் கையால் காட்டினாள்.

மேடம் எழுந்து வந்து பேப்பரைத் திருப்பினார். முதல் கட்டத்தில் நான் நிற்கிறேன், என் முந்தானை கப்புக்குள் முங்கியிருக்கிறது, அதை நோக்கிப் பெரிய அம்புக்குறி. இரண்டாவது கட்டத்தில் அதே நான், முந்தானையால் முகம் துடைத்து முழு நீலமாக. என் பழக்கம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாக்குத் தவறாமல், சத்தமே இல்லாமல், என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீலமாக அழுதால் இன்னும் சிரிப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

"இதை ஏண்டி கொழந்தே வாயால சொல்லலே?" என்றார் மேடம்.

சபீனா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தேன். பொத்திய கை விலகியது.

"மிஸ், காதாண்ட இன்னும் கொஞ்சம் கீது."

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சுத்தமான கைக்குட்டையால். போகும்போது, "வேலையை நிரந்தரம் பண்ணிடறேன். ஆனா அவளைப் பேச விடு. முதுகுக்குப் பின்னாடி பாத்துக்க உனக்கு ஒருத்தி வேணும்" என்றார். பிரஷ்ஷை அன்றே கொடுத்தேன். அடுத்த வகுப்பில் அதைப் பிடித்துக்கொண்டுதான் என் யானையைத் திருத்தினாள்.

இந்தக் கதையை என் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த முட்டாள்தனம். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், மனிதர் பேச மாட்டார். ஒரு பேப்பரில் அம்புக்குறி போட்டு நீட்டுவார். போன வாரம் அடையாறிலிருந்து தி. நகருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் வாசலில் நீட்டினார். கிண்டலுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? பார்க்காமலே கசக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு. இன்னொரு காலில் அவருடையது.