லொறி நிரம்பிய மாதம்

இன்றைக்கும் லொறி பாதி வயிற்றோடுதான் நீர்கொழும்புக்குப் புறப்பட்டது. கல்லடி இறால் கம்பனியின் புது மேற்பார்வையாளர் தக்ஷாயினி தலையில் கைவைத்து நின்றாள். இறால் உரிக்கும் பெண்கள் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். சிரிப்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

அவளுக்கு முன்பிருந்த சதீசன் ஒரு சிடுமூஞ்சி. வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஆனால் அவன் காலத்தில் லொறிக் கதவைச் சாத்த முடியாது. முதலாளி மனம் குளிர்ந்து அவனை நீர்கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் பெரிய பதவியில் எடுத்துக்கொண்டார்.

தக்ஷாயினியோ தங்கமான பெண். நின்று உரித்தவர்களுக்குக் கதிரை போட்டாள், வேலை குறைந்தது. தேத்தண்ணியோடு வடையும் கொடுத்தாள், இன்னும் குறைந்தது. தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்து ஒவ்வொருத்தியாகப் பாராட்டினாள். பாராட்டி முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது.

முதலாளி போன் எடுத்தார். இந்த மாதமும் லொறி நிரம்பாவிட்டால் அவளுக்கு வேலை இல்லையாம். "ஆடிக் கறக்கிற மாட்ட ஆடித்தான் கறக்க வேணும், தங்கச்சி" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் கைக்குழந்தை. நடுப்பகலில் ஓடிப்போய்ப் பாலூட்டிவிட்டு வரக்கூடிய வேலை கல்லடியில் இது ஒன்றுதான். பெண்கள் கவலைப்படுவார்களே என்று, பாவி, அவர்களிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மறுநாள் அவள் சதீசனாக மாறினாள். கதிரைகளைத் தூக்கச் சொன்னாள். வடையை நிறுத்தினாள். "என்ன கேதீஸ்வரியக்கா, கை நோகுதா? கெதியா உரிங்க" என்று கத்தினாள். கத்திவிட்டு ஐஸ் அறைக்குள் போய் அழுதாள்.

வெளியே வந்தால், பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேய் பிடித்தவர்கள் போல உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் முழுக்க லொறி நிரம்பி வழிந்தது.

மாதக் கடைசியில் முதலாளி மறுபடி அழைத்தார். பதவி உயர்வு, திங்கட்கிழமையே நீர்கொழும்புக்கு வர வேண்டும். வராவிட்டால் வேலையும் இல்லை.

தேத்தண்ணி ஊற்றும் உம்மு குல்தூமின் தோளில் சாய்ந்து தக்ஷாயினி விம்மினாள். "அன்பா இருந்தப்ப உரிக்காதவங்க, ஏசினதும் எப்பிடி ராத்தா இவ்வளவு உரிச்சவங்க?"

உம்மு குல்தூம் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "லொறி நிரம்பினா உங்களக் கொண்டு போயிருவாங்க எண்டு பயந்துதான் புள்ள மெதுவா உரிச்சவங்க, நீங்க ஏசத் தொடங்கினதும், சதீசன் சேரை அனுப்பின மாதிரியே உங்களையும் அனுப்பிட்டாங்க."