இரவல் அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்த விவரம்

காஜா பேராங்,
மலாக்கா.
22-9-1957

சிரம்பான் மச்சான் கலியாணசுந்தரம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கமலவேணியின் புருஷன் அப்பாசாமி அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், தாங்கள் நம்ப வேண்டாம். அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டாரும், புதன்கிழமை முதல் தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் கமலவேணியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைப் பிரார்த்திக்கிறேன்.

என்னைப் பற்றி அவள் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியைச் சொல்லிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நம் பெண் ஜெயா கல்யாணத்துக்குத் தாங்கள் வந்து நடத்திக் கொடுத்தீர்கள். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் தாலி ஏறியதும் வீட்டுப் பந்தலில் சாப்பாடு நடந்ததையும், அண்டா, குத்துவிளக்கு, நாற்காலி, பாய் என்று தெருவே இரவல் கொடுத்து நம் மானத்தைக் காப்பாற்றியதையும் தாங்களே பார்த்தீர்கள். அந்தச் சாமான்களையெல்லாம் கமலவேணி கொல்லைக் கொட்டகையில் வீட்டு வாரியாக வைத்திருந்தாள். பொன்னம்மா வீட்டுச் சாமான் இந்த மூலை, சிவகாமி வீட்டுச் சாமான் அந்த மூலை, கருணாகரன் வாத்தியார் சாமான் கதவோரம் என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் வீட்டுப் பெயரை எழுதியிருந்தாள், அதன் கீழே அந்த வீட்டு அண்டா, அந்த வீட்டு விளக்கு, அந்த வீட்டு நாற்காலி எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. மச்சான், வெள்ளைக்காரன் கம்பெனியில் முப்பது வருஷம் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியுமா எரியாதா? ஸ்டோரில் சுத்தியல் என்றால் எல்லாச் சுத்தியலும் ஓரிடம், ஆணி என்றால் எல்லா ஆணியும் ஓரிடம். ஆகவே கல்யாணத்துக்கு மறுநாள், கமலவேணி பெண்ணைக் கொண்டுபோய் விடப் போயிருந்த நேரத்தில், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினேன். அண்டாவெல்லாம் ஓரிடம், நாற்காலியெல்லாம் ஓரிடம், விளக்கெல்லாம் ஓரிடம். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு சிலேட்டுத் தொங்கவிட்டு, யாருடையது என்று பெயரும் எழுதினேன்.

இங்கேதான் சனியன் பிடித்தது. பொன்னம்மா வீட்டு மூலையிலும் அண்டா இருந்தது, சிவகாமி வீட்டு மூலையிலும் இருந்தது, வாத்தியார் வீட்டிலும் இருந்தது. ஒரு குவியலுக்கு ஒரு சிலேட்டு, ஒரு சிலேட்டுக்கு ஒரு பெயர், அதுதான் ஸ்டோர் சட்டம். வாத்தியார் அண்டாவை வைத்தபோது வாத்தியார் பெயரை எழுதினேன். சிவகாமி அண்டா வந்தது, வாத்தியாரை அழித்துவிட்டுச் சிவகாமியை எழுதினேன். கடைசியில் பொன்னம்மா அண்டா வந்தது, சிவகாமியும் அழிந்தாள். வேலை முடிந்ததும் சுவரில் இருந்த பெயர்களையும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். அன்றைக்கு அந்தக் கொட்டகையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும் மச்சான். நானே ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிலேட்டில் இருந்தபடியே ஆளை வைத்துத் திருப்பி அனுப்பினேன். தெருவில் இருந்த அண்டா அத்தனையும் பொன்னம்மா வீட்டுக்குப் போனது. நாற்காலி அத்தனையும் சிவகாமி வீட்டுக்குப் போனது. சிவகாமி நம் செட்டிக் கம்போங் அம்மாள், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வம்சம், தமிழில் சாமி பேர் மட்டும்தான் சொல்லத் தெரியும், தங்கமான மனுஷி. அவள் வாசலில் நின்று, “ஆலாமா கிராணி! இனி செமுவா புக்கான் சாயா பூஞா!” என்று மலாயில் தலையில் அடித்துக்கொண்டாள். இதெல்லாம் என்னுடையது இல்லை என்கிறாள். ஸ்டோர் கணக்கு தப்பாது அம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் வீட்டுச் சாமி மாடத்துக்கு விளக்கேற்றப் போக வழியில்லாமல் நாற்காலி மேல் ஏறி ஏறிப் போனாளாம். கருணாகரன் வாத்தியார் தன் வீட்டு நாற்காலியை எல்லாம் கொடுத்தவர், அவருக்குப் போய்ச் சேர்ந்தது பாய்க்கட்டுதான். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, நின்றுகொண்டே சாப்பிடுகிறார் என்று கேள்வி.

கமலவேணி திரும்பி வந்து பார்த்தாள். “ஒரு வீட்டுச் சாமான் ஒரு மூலையில கிடந்தா உங்களுக்கு என்னா செய்யுது? சோறு கேட்டுச்சா? இந்தத் தெருவுல இனிமே நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? நாளைக்கு நம்மளுக்கு ஒரு கரண்டி குடுப்பாங்களா?” என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “அண்டா எங்கேன்னு கேட்டா ஒரே இடத்துல காட்டலாமில்ல” என்றேன். அவ்வளவுதான், பையில் நாலு சேலையை அடைத்தாள். “எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். எல்லா வீட்டுச் சாமானும் அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் வர்றேன்” என்று படியிறங்கிவிட்டாள்.

சரி, தப்பைத் திருத்துவோம் என்று எல்லாவற்றையும் மறுபடி நம் கொட்டகைக்கே கொண்டுவந்தேன். எந்த அண்டா யாருடையது? எல்லாம் ஒரே பித்தளை, ஒரே வயிறு. அப்போதுதான் புத்தி வேலை செய்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்குமே! ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கணேசமூர்த்தி என்று ஒரு அண்டாவில் இருந்தது. தெங்கேராவில் இருக்கும் கணேசமூர்த்தி என்று கண்டுபிடித்து, அந்த வெயிலில் மூன்று சக்கர டிரைஷாவில் மடியில் அண்டாவை வைத்துக்கொண்டு போய் இறக்கினேன். அந்த மனுஷர் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. “பொன்னம்மா மக கல்யாணத்துக்கு நான் வெச்ச பரிசுங்க இது. இத்தனை வருஷம் கழிச்சுத் திருப்பி அனுப்புற அளவுக்கு நான் என்னாங்க பாவம் செஞ்சேன்?” என்றார். மச்சான், நம்மவர்கள் பாத்திரத்தில் வெட்டுவது வைத்திருப்பவர் பெயரை அல்ல, கொடுத்தவர் பெயரை! அது எனக்கு அந்த வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. அவர் இப்போது பொன்னம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். பொன்னம்மா என்னோடு நிறுத்தவில்லை, அதுதான் கஷ்டம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காலை முதல் மாலை வரை பேசுகிறாள். ஒரு தாம்பாளத்தில் ‘நல்லையா நினைவாக’ என்று இருக்கிறது. நல்லையா ஜப்பான்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்தவர். அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

இது போதாதென்று திருடனும் வந்துவிட்டான். நான் ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் கொட்டகையில் சாமான் குறைகிறது. நேற்று விளக்குகளைக் காணோம், இன்று காலையில் நாற்காலிகளைக் காணோம். இரவல் சாமான் திருட்டுப் போனால் நான் நாண்டுகொண்டுதான் சாக வேண்டும். நாடு சுதந்திரம் வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, ஊரெல்லாம் இன்னும் கொடி பறக்கிறது, நான் மட்டும் ஒரு கொட்டகைக்கு அடிமையாகிக் கிடக்கிறேன். சோறு குழைகிறது, இல்லாவிட்டால் தீய்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெயாவும் மாப்பிள்ளையும் முதல் விருந்துக்கு வருகிறார்கள். அம்மா எங்கே என்று ஜெயா கேட்டால் என்ன சொல்வேன்? மாப்பிள்ளை முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இலை போடுவேன்?

ஆகையால் மச்சான், தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். தங்கையிடம் நல்ல வார்த்தை சொல்லி, சனிக்கிழமைக்குள் பஸ் ஏற்றிவிடுங்கள். இனி நான் இந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்ற மாட்டேன். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், எனக்குத் தங்கள் இரக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அப்பாசாமி

பி.கு.: தபால் தலை ஒட்டி முடித்த நேரத்தில் பின்வாசல் வழியாகக் கமலவேணி உள்ளே வந்தாள். அவள் சிரம்பானுக்கு வரவே இல்லையாம்! சொல்லிக்கொண்டு போகப் பக்கத்து வீட்டில் நுழைந்தவளைப் பொன்னம்மா பிடித்து உட்காரவைத்துவிட்டாளாம். நான் டிரைஷாவில் அலைந்த நேரமெல்லாம் தெருப் பெண்கள் வந்து, புரட்டிக்கூடப் பார்க்காமல், அவரவர் சாமானை அடையாளம் கண்டு எடுத்துப் போய்விட்டார்களாம். திருடன் இல்லை. பொன்னம்மா போய் விஷயத்தைச் சொன்னதும் கணேசமூர்த்தியும் சமாதானம். எனக்கு உயிர் வந்தது. அது அவள் அடுப்படிக்குப் போய், “நம்ம அண்டா எங்க?” என்று கேட்கும் வரைதான் நிலைத்தது. அடியில் ‘கலியாணசுந்தரம்’ என்று வெட்டியிருந்த ஒன்றை, ஜெயா கல்யாணத்துக்குத் தாங்கள் இரவலாகக் கொண்டுவந்தது என்று எண்ணி, தெங்கேராவுக்குப் போவதற்கு முன்பே, வியாழக்கிழமை சிரம்பான் பஸ்ஸின் கூரையில் கட்டித் தங்களுக்கே அனுப்பிவிட்டேன். எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் தலையில் சுமந்து வந்து கொடுத்த அண்டாவாம் அது. இவள் முதன்முதலில் பால் காய்ச்சியதும் அதில்தானாம். தாங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பீர்கள் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அவள் மறுபடி பையில் சேலை அடைக்கிறாள். நாளைக் காலை பஸ்ஸில் நிஜமாகவே தங்கள் வீட்டுக்கு வருகிறாள். ஆகவே அவள் அங்கே வந்திருப்பதாக மேலே நான் எழுதியதை நாளை முதல் உண்மை என்று எடுத்துக்கொள்ளவும். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. பஸ்ஸில் பிரித்துப் படிப்பாள் என்று தெரியும்.

கமலம், அண்டா கிடைக்காவிட்டாலும் நீ வந்துவிடு.