காரியை வாங்கிய பார்ட்டி

ஆடி பிறந்த அன்றைக்குப் பொங்கியண்ணன் ஒரு முடிவு எடுத்தார். சும்மா போகிறபோக்கில் எடுத்த முடிவு அல்ல. குளித்து, நீறு பூசி, மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் கிழக்கே பார்த்து நின்று எடுத்த முடிவு.

"ஓணத்துக்குள்ள கடனை ஒரே வெட்டா வெட்டிப்போடோணும். அதுக்கு மேல காசும் மிச்சம் புடிக்கோணும்."

கேட்டுக்கொண்டிருந்தது இரண்டே ஜீவன்கள். ஒன்று சம்சாரம் மருதாத்தாள். மற்றொன்று எருமை காரி. காரி மட்டும் தலையை ஆட்டியது. அதுவும் ஈ ஓட்டத்தான்.

பொங்கியண்ணன் மாட்டுத் தரகர். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எந்த ஊரில் கேட்டாலும் தெரியும். பேர் இருந்தது, பேருக்குத் தகுந்த வருமானம் இல்லை. தரகனுக்கு மாதச் சம்பளமா வருகிறது? மாடு கைமாறினால் சோறு, மாறாவிட்டால் மோர். தை மாசியில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் ராஜா மாதிரித் திரும்புவார். ஆடி வந்தால் ஒருவனும் மாட்டைத் தொடமாட்டான். மலையாளத்துக்காரர்கள் கர்க்கடகம் என்பார்கள். பேர்தான் வேறு, பஞ்சம் ஒன்றுதான்.

கடன் எல்லாம் ராவுத்தர் மளிகைக் கடையில். அரிசி, புண்ணாக்கு, மூத்தவள் கல்யாணத்துச் சாமான் என்று சேர்ந்து அறுநூற்றைம்பது ரூபாயில் வந்து நின்றது. ராவுத்தர் நல்ல மனுஷர், அதட்டிப் பேசமாட்டார். "ஓணத்துக்கு முன்னாடி பைசல் பண்ணிருங்க. இல்லீன்னா அப்புறம் ரொக்கத்துக்குத்தான் சாமான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பொங்கியண்ணனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இது ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்றும் இருந்தது. பொங்கியண்ணனுக்கு டைனமோ வைத்த சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும். சந்தைக்கு நடந்து போகிற தரகனுக்கும் மணியடித்துக்கொண்டு போகிற தரகனுக்கும் மரியாதை ஒன்றாகுமா? அதனால் முப்பது ரூபாய் தரகு கிடைத்தால் வீட்டில் இருபது என்பார். மிச்சம் பத்து, கூட்டாளித் தரகர் மாரப்பனிடம் போய்ச் சேரும். "என் கையில தவிர வேற யாரு கையிலயும் குடுக்கக்கூடாது" என்று மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். இப்படியே முந்நூறு ரூபாய் சேர்ந்துவிட்டது. இதைத் திருட்டு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. சேமிப்பு என்றுதான் நினைத்தார்.

இன்னும் ஐம்பது ரூபாய் இருந்தால் சைக்கிள். அதற்குத்தான் கிழக்கே பார்த்து நின்றது.

"காரியை வித்துப்போடலாம் புள்ள."

மருதாத்தாள் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஏனுங்க?"

"இது கறக்கறது பாலா? ரெண்டு படி தண்ணி. தீவனம் மட்டும் ஆனைக்கு வைக்கற மாதிரி வைக்கோணும்."

"அந்தத் தண்ணியத்தானுங்க டீக்கடைக்கு ஊத்தறேன். உப்பு மொளகா அதுலதான் வருது."

"வயசாச்சு. கொம்பு வேற கோணல். அடுத்த வருசம் சும்மா குடுத்தாலும் எவனும் ஓட்டீட்டுப் போகமாட்டான்."

"எங்க அம்மா ஊட்டு எருமை போட்ட கன்னுக்குட்டிங்க அது."

"அதுக்கு? அம்மா ஊட்டுலயா கடன் கட்டப் போறாங்க?"

மருதாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "எவ்வளவுக்குப் போகுமுங்க?"

"வேற எவன் வித்தாலும் ஐநூறு. என் தெறமைக்கு ஆறரை நூறு. ராவுத்தர் கடன் அன்னைக்கே தீந்துரும்."

"சரிங்க."

பொங்கியண்ணன் திகைத்துப் போனார். பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். சொல்ல வேண்டிய நியாயம் இன்னும் பாதி பாக்கி இருந்தது. இருபது வருஷக் குடித்தனத்தில் மருதாத்தாள் இப்படி உடனே 'சரிங்க' சொன்ன போதெல்லாம் கடைசியில் என்ன நடந்தது என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. காதில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. இருட்டோடு காரியை ஓட்டிக்கொண்டு கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஐம்பதா ஐந்நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மேலே சிரித்துக்கொண்டிருப்பார்கள், துண்டுக்குள் குடுமிப்பிடி நடக்கும்.

இரண்டு பேர் வந்து அறுநூறோடு நின்றுபோனார்கள். மூன்றாவதாக வந்தது மாரப்பன்.

"என்ன மச்சான், இந்தப் பக்கம்?"

"ஒரு பார்ட்டிக்கு எருமை வேணும் மாப்ள."

"யாரு பார்ட்டி?"

"பேரு சொல்லப்படாதுன்னு கண்டிப்பான உத்தரவு."

தொழில் என்றால் தொழில். பொங்கியண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "காலைல மூணு படி, சாயங்காலம் மூணு படி. பாலா மச்சான் அது? வெண்ணெய். தீவனம்? கைப்பிடி வைக்கோல் போட்டாப் போதும், பொன்னாட்டம் நிக்கும். கொம்பு கோணல்னு பாக்காதே. ராசிக் கொம்பு. இது நிக்கற ஊட்டுல கடன் நிக்காது."

"பார்ட்டியும் அதேதான் சொன்னாங்க" என்றான் மாரப்பன்.

துண்டு விழுந்தது. மாரப்பன் ஐந்தைப் பிடித்து, அப்புறம் ஒன்றைப் பிடித்தான். பொங்கியண்ணன் எட்டில் நின்றார். ஆறரை. எட்டு. மாரப்பனுக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏழு என்று பிடித்தவன் அதற்கு மேல் அசையவில்லை.

"இவ்வளவுதான் மாப்ள. பார்ட்டிகிட்ட இதுக்கு மேல காசு இல்ல. இருந்தா உனக்கே தெரியுமே."

"எனக்கு எப்படித் தெரியும்?"

மாரப்பன் மடியை அவிழ்த்தான். முதலில் முந்நூறு ரூபாயை எடுத்துத் தனியாக எண்ணி, பொங்கியண்ணன் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டான். "உன் கையிலதான் குடுத்தேன். மாரியாத்தா சாட்சி."

"என்ன மச்சான், புதுசா சாமி சாட்சியெல்லாம்?"

"ஒரு மன நிம்மதிக்குத்தான் மாப்ள."

மீதி நானூறில் லேசாக மோர் வாசனை அடித்தது. பார்ட்டி பால் வியாபாரம் போல என்று பொங்கியண்ணன் நினைத்துக்கொண்டார்.

கயிறு கைமாறியதும் காரி திரும்பி அவரைப் பார்த்தது. சந்தையில் எத்தனையோ மாடு திரும்பிப் பார்த்திருக்கிறது. இது வீட்டு மாடு.

"நல்ல எடந்தானே மச்சான்? அடிக்கமாட்டாங்களே?"

"உன் ஊடு மாதிரியே நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மாரப்பன் வேகமாக நடந்தான்.

பஸ் பிடித்து உச்சிப்பொழுதுக்கு வீடு வந்தார். வழியிலேயே ஐம்பது ரூபாய் அண்டர்வேர் பாக்கெட்டுக்குக் குடிபோய்விட்டது. அறுநூற்றைம்பதை மருதாத்தாள் கையில் கொடுத்தார். அவள் எண்ணிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆறரைக்குத்தானுங்களா போச்சு?"

"ஆறரை. சந்தேகம்னா மாரப்பன் மச்சானைக் கேளு."

"அவரை எதுக்குங்க கேக்கறேன். உங்க வார்த்தை போதாதுங்களா?"

கொள்ளுப் பருப்பும் சோறும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, சந்தைக்குப் போன நாள் வழக்கப்படி, தோள் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். மருதாத்தாள் ராவுத்தர் கடைக்குக் கிளம்பியது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. கனவில் சைக்கிள் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. ஏனோ மணிக்குப் பதில் எருமை கத்தியது.

மறுபடியும் கத்தியது. எழுந்து உட்கார்ந்தார். பொழுது சாயும் நேரம். சத்தம் சொந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தது.

காரி அதே இடத்தில் நின்று அதே தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மாரப்பன் முளையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்தால் கூட்டாளி முகத்தைப் பார்க்க வேண்டும் என்று குனிந்தே இருந்தான்.

"மச்சான், இது எப்படி இங்க? பார்ட்டி?"

"பார்ட்டி நானுங்க" என்றாள் மருதாத்தாள்.

பொங்கியண்ணன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "நீயா? உனக்கேது காசு?"

"டீக்கடைப் பால் காசுல சீட்டுப் போட்டிருந்தேனுங்க. ஆடியில யாரும் ஏலம் கேக்கல. எடுத்தேன். நானூறு."

"மீதி முந்நூறு?"

மருதாத்தாள் மாரப்பனைப் பார்த்தாள். மாரப்பன் காரியின் வாலைப் பார்த்தான்.

"உன் கையிலதான குடுத்தேன் மாப்ள" என்று வாலிடம் சொன்னான். "சத்தியம் சத்தியமாத்தான் இருக்குது."

"மாரப்பண்ணன் சத்தியம் பண்ணிட்டேன்னு அழுவாத குறையா நின்னாருங்க" என்றாள் மருதாத்தாள். "அதை மீறச் சொன்னாப் பாவமில்லைங்களா? அதான், எருமை விலையா உங்க கையிலயே குடுத்துருங்கன்னேன்."

பொங்கியண்ணனுக்குக் கணக்கு மெதுவாக ஏறியது. தன் எருமையைத் தன் காசுக்குத் தானே விற்றிருக்கிறார். அறுநூறில் நின்றதை மல்லுக்கட்டி எழுநூறுக்கு ஏற்றினாரே, அந்த நூறும் தன் குடும்பத்தை அடித்து வாங்கியதுதான்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பீங்களா?"

பொங்கியண்ணன் பேச்சை மாற்றினார். "அப்ப எருமையை விக்கறதுக்கு ஏன் சரின்னே?"

"வேண்டாமுன்னா கேப்பீங்களா? இது நிக்கற ஊட்டுல கடன் நிக்காதுன்னு சந்தையில நீங்களே சொன்னீங்களாமே. அப்படிப்பட்ட எருமையை வெளிய விடலாமுங்களா? ராவுத்தர் கடனைத் தீத்துட்டேன். இன்னைக்குத்தான் அந்த மனுசர் எழுந்திரிச்சு நின்னு பேசுனாரு."

அப்போதுதான் பொங்கியண்ணனுக்கு உறைத்தது. கடன் இல்லை. எருமையும் இருக்கிறது. நாளைக்கு ராவுத்தர் கடை முன்னால் தலை நிமிர்ந்து போகலாம். பொய் எதற்கு, நெஞ்சு நிறைய சந்தோஷமாகவே இருந்தது. அது போதாதென்று பாக்கெட்டில் ஐம்பது ரூபாய் பத்திரமாக இருந்தது. சைக்கிள் வராவிட்டாலும் டைனமோ வரும்.

"அது சரி புள்ள, மச்சான்கிட்டக் காசு இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மருதாத்தாள் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். "கையக் குடுங்க."

கொடுத்தார். துண்டுக்கு அடியில் அவள் விரல்கள் வந்து அவர் விரல்களைப் பிடித்தன. தொழில் தெரிந்த பிடி.

"கல்யாணமான புதுசுல நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. கையப் புடிக்கறதுக்கு ஒரு சாக்குன்னு நெனச்சிருந்தேன், இருந்தாலும் கத்துக்கிட்டேன். சந்தைக்குப் போயிட்டு வந்து தூங்குனா, பக்கத்துல எந்தக் கை இருந்தாலும் புடிச்சு, அன்னைக்குப் பேரத்தை முதல்ல இருந்து பேசி முடிக்கறீங்க. தரகையும் விரல்ல காட்டீட்டுத்தான் கைய விடறீங்க. இருபது வருசமா ஒரு சந்தை தப்பலீங்க. காசு குறையறது தெரியும், எங்க போகுதுன்னுதான் தெரியல. அண்ணனைக் கேட்டேன், முழிச்சாரு. முழிச்சது போதுமுங்களே."

மாரப்பன் சத்தமில்லாமல் வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

துண்டுக்குள் பிடி இறுகியது. ஐந்து விரலும் சேர்ந்த பிடி. ஐந்நூறு இல்லை என்பது பொங்கியண்ணனுக்கு விளங்கியது. மெல்ல ஒரு விரலை உருவப் பார்த்தார். விடவில்லை. இரண்டை உருவப் பார்த்தார். விடவில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் அவரை யாரும் இப்படி அமுக்கியது கிடையாது. மற்றக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, ஐம்பதையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

மருதாத்தாள் எண்ணினாள். "இதுல அடுத்த சீட்டு ஆரம்பிக்கலாமுங்க" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு எதையோ மறந்தவள் மாதிரி முடிச்சை அவிழ்த்து, இரண்டு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது என்ன?"

"தரகுங்க."

பொங்கியண்ணன் வாங்கிக்கொண்டார். பழக்க தோஷம், நல்ல நோட்டுதானா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.