எங்கள் தெரு கத்தார் ஆன கதை

எந்த நாட்டைக் காட்டினாலும் அது கிழவனா குமரனா என்று சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர், காரைக்காலில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் பிரமிடு சார்.

ஒரு நாட்டு மக்களை வயதுவாரியாகப் பிரித்து, கட்டம் போட்ட தாளில் பிரமிடு மாதிரி, ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், குழந்தைகள் அடியில், முதியவர்கள் உச்சியில் என்று அடுக்குவார். நைஜீரியா அடி பருத்துக் கோபுரமாக நிற்கும். ஜப்பானுக்குத் தலை கனம். சீனாவையும் பக்கத்து ஊர் நெரவியையும் எப்படி ஒரே தாளில் வைப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நூத்துக்கு எத்தனைன்னு மாத்திட்டா சீனாவாவது நெரவியாவது, எல்லாம் ஒரே அளவுதாங்க" என்றார்.

காரைக்கால்மேட்டு மீன் ஏலத்திலும் போய் நின்று வயது கேட்டிருக்கிறார். "மீனு புடிச்சு எத்தினி நேரமாச்சுன்னு கேளுங்க, சொல்றேன். என் வயசு ஒங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு அம்மா கூடையோடு நகர்ந்துவிட்டாராம். அந்த அம்மாவை உத்தேசமாக ஐம்பதில் வைத்த சார், பிறகு மனசு கேட்காமல் நாற்பத்தைந்துக்கு இறக்கினார்.

ஒரு மாதம் ரீடிங்கோடு சேர்த்து எங்கள் தெருவையும் எண்ணினார். தாள் முடிந்ததும் என் வீட்டுக்கு ஓடிவந்தார். இடது பக்கம், நடுவயிற்றில், வாலிபர்கள் புடைத்துக்கொண்டு நின்றார்கள். வேலைக்குப் போன வெளிநாட்டு ஆண்கள் குவிந்திருக்கும் கத்தார்தான் அப்படி இருக்குமாம். "நம்ம தெரு கத்தாருங்க" என்றார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருக்கோடி வரை ஒரு வாலிபன் இல்லை.

மறுநாள் ரீடிங் நோட்டைப் புரட்டியபோது அவரே கண்டுபிடித்துவிட்டார். ஆறு பேர் என்று சொன்ன வீட்டில் இரண்டு பேருக்குத்தான் கரண்ட் ஓடியிருந்தது. விசாரித்தால், பிள்ளைகள் பாரீசிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எந்தத் தாய் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எண்ணுவாள்?

"கத்தாரு வயித்துல நிக்கிறதே நம்ம பசங்கதாங்க. எங்க தூங்குறாங்களோ அங்கதான் கணக்கு" என்று ரப்பரை எடுத்தார். நான் வீட்டு வரிசையாகப் படிக்கப் படிக்க அழித்தார். கத்தார் கரைந்து, முதியவர்கள் மிஞ்சிய இத்தாலி ஆகிவிட்டது.

கடைசியில் அவர் வீட்டு முறை வந்தது. அவர், மனைவி, இருபத்தாறு வயது மகள் என்று மூன்று பேர் போட்டிருந்தார். மகள் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய் மூன்று வருடம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் வீட்டு மீட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தொலைத்தேன்.



"அவ ரூம்ல தெனம் லைட்டு போட்டுக்கிட்டுதாங்க இருக்கோம்" என்றார்.

பிறகு மகளின் கட்டத்தையும் அழித்தார். அழித்த இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கட்டம் வரைந்தார். சற்று யோசித்துவிட்டு, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படியே வரைய ஆரம்பித்தார். இந்தத் தாளை இனி எந்த நாட்டோடும் ஒப்பிட முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இப்போது நான் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் அவரிடம் போனில் பேசியபோது, அந்தத் தாளில் நான் இருக்கிறேனா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"புள்ளியில இருக்கீங்க" என்றார்.

அன்றைக்கு முழுக்க எனக்குக் காரைக்காலிலேயே இருப்பது போல இருந்தது.