பதினெட்டாந் தேதிக்குள் அமைதி

சிவமயம்

ஆற்றடித் தோட்டம்,
புக்கிட் பெலிம்பிங்,
கோலசிலாங்கூர்.
26-6-1927, ஞாயிற்றுக்கிழமை.

கொக்குவிலில் குறைவின்றி வாழும் என் மைத்துனர் அம்பிகைபாகனுக்கு, அத்தான் அருளம்பலம் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் உமது தமக்கை அன்னபாக்கியமும் இறைவன் திருவருளால் உயிரோடிருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்று எழுதுவதே முறை. ஆயினும் உண்மைக்கு மாறானதைத் தேதியிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. அவ்விடம் உமது சுகத்தையும், வாகீஸ்வரி, பிள்ளைகள் சுகத்தையும், பகல் முழுவதும் உம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும் சாய்மனைக் கதிரையின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

மே மாதம் ஒன்பதாந் தேதியிட்டு, மனவமைதி பெறும் வழியை விளக்கி நீர் எழுதிய கடிதம் இருபத்தொராந் தேதி சனிக்கிழமை கிடைத்தது. பதில் எழுதத் தாமதித்தமைக்குக் காரணம் அந்தக் கடிதமேதான். நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். நடுவில் கண்ணை மூடாமல் வாசிக்கவும்.

இம்மாதம் மூன்றாந் தேதி வெள்ளிக்கிழமை அரசர் பிறந்தநாள் விடுமுறை. வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சிவானந்தம் ஓடிவந்து நாடியைப் பிடித்தார். பிடித்தவர் விட்டார், தம் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டு மறுபடியும் பிடித்தார்.

“ஐயா, இது நாடியோ பந்தயக் குதிரையோ? உங்களுக்கு வேலை கூடிப்போச்சு. மனம் ஆறவேணும்.”

“ஆறுகிறதுக்கு எத்தனை நாள் பிடிக்கும்? தேதியைச் சொல்லும்.”

“அதுக்கெல்லாம் தேதி இல்லை ஐயா.”

“தேதி இல்லாத காரியத்தை நான் எப்பிடிச் செய்யிறது?” என்று கேட்டேன். அவர் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் தேதி தானாகவே வந்துசேர்ந்தது. ஆறாந் தேதி திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் பெரிய டாக்டர் பதினெட்டாந் தேதி சனிக்கிழமை வந்து என்னைப் பரிசோதிப்பார் என்றும், அன்றைக்கும் நெஞ்சு இப்படியே ஓடினால் மாத முடிவில் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் தமது தோட்டத்துத் தமிழில் அறிவித்தார். “கிராணி ரொம்ப வேலை செஞ்சான். போதும். கப்பல் ஏறு. தூங்கு,” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்குத்தான் நான் பயந்தேன். 1904ஆம் ஆண்டு பெப்ரவரி பதினைந்தாந் தேதி திங்கட்கிழமை, கணக்கெழுதும் கிராணியாக இந்த மண்ணில் இறங்கியவன் நான். இங்கே காடு வெட்டியதையும் முதற் கன்று நட்டதையும் கண்டவன். விடிந்தால் முந்நூறு பேரின் பெயரைக் கூப்பிட்டுப் பழகிய வாய், கொக்குவிலில் உட்கார்ந்து யாரைக் கூப்பிடும்? உம்மைத்தான் கூப்பிடவேண்டும், நீரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்.

ஆகவே, பதினெட்டாந் தேதிக்குள் எப்படியாவது அமைதியடைந்துவிடுவதென்று தீர்மானித்து உமது கடிதத்தை எடுத்தேன். அன்று மாலையே வீட்டில் தொடங்கினேன். நீர் சொன்னபடி மூச்சை மெல்ல இழுத்து, நிறுத்தி, மெல்ல விட்டேன். உமது தமக்கை அகப்பையோடு ஓடிவந்தா.

“என்னப்பா, என்ன செய்யுது? சத்தம் அடுப்படி மட்டும் கேக்குது!”

“அமைதியா இருக்கிறன். உம்மடை தம்பி எழுதின முறை.”

“அம்பியோ? அவன் பள்ளிக்கூடத்திலையும் உப்பிடித்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன். வாத்தியார் வாங்கிலை ஏத்தி விட்டவர். அவன்ரை கதையைக் கேட்டு நீங்களும் ஆட வெளிக்கிட்டிட்டியள்!”

இதை அவ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கருத்து இதில் ஒன்றும் இல்லை. பத்து நாள் இவ்வாறு முயன்றும், கண்ணை மூடியதும் டாக்டரின் முகம்தான் தெரிந்தது. நான் ஒருநாளும் கண்டிராத அந்த மனிதருக்கு என் மனம் மீசைகூட வைத்துவிட்டது. அப்போதுதான் உமது கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைச் சரியாகக் கவனியாமல் விட்டதை உணர்ந்தேன். ஓய்ந்திருக்கும்போது அமைதியாயிருப்பது பெரிதன்று, வேலை உச்சத்திலிருக்கும் வேளையில் அரைமணி நேரம் கண்மூடியிருப்பதே உண்மையான அமைதி என்று எழுதியிருந்தீர். எது கேட்டாலும் அதை ஓர் எண்ணமாகக் கருதி வரவிட்டுப் போகவிடவேண்டும், எக்காரணத்தாலும் கண்ணைத் திறக்கக்கூடாது என்றும் அடிக்கோடிட்டிருந்தீர். அடிக்கோட்டை நான் மீறுவேனா?

பதினெட்டாந் தேதி சனிக்கிழமை, டாக்டர் வருவதற்குமுன் நெஞ்சைப் பதப்படுத்திவிடலாம் என்று பால் நிறுக்கும் கொட்டகையிலேயே அமர்ந்தேன். அந்த இடத்தின் இயல்பு உமக்குத் தெரியாது. விடியற்காலையில் மரம் சீவப் போனவர்கள் வாளிகளில் ரப்பர்ப் பாலோடு திரும்பிவந்து வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, அன்றைய கூலிக்குப் பேர் போடவேண்டியவன் நான். சுணங்கினால் பால் வாளிக்குள்ளேயே தயிர்போலக் கட்டிவிடும். கட்டிய பாலுக்கு அரைக் கூலிதான். அன்று காலைத் தூறலில் மழைத்தண்ணீர் வேறு கலந்திருந்தது. அப்படிப்பட்ட பால் இன்னும் விரைவாகக் கட்டும். இவ்வளவும் நான் அறிவேன். இவை யாவும் எண்ணங்கள் என்று ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடினேன்.

“ஐயா, சனம் நிக்குது,” என்றது சனத்தை வேலைவாங்கும் மண்டோர் சன்னாசியின் குரல். வரவிட்டேன், போகவிட்டேன்.

“ஏய், யாரும் சத்தம் போடாதிய. ஐயா சாமி கும்புடுறாரு.”

“சாமிய நாளைக்கி வரச் சொல்லுங்க மண்டோரு. பாலு கட்டுது!” இது நல்லம்மாள். இந்தத் தோட்டத்தில் என்னோடு எதிர்த்துப் பேச அஞ்சாத ஒரே பெண்பிள்ளை.

“பெரியையா, நான் நிறுக்கட்டோ?” என்று கேட்டான் சின்னக் கிராணி வீரசிங்கம். கேட்டவன் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் தானே உரத்து வாசித்தான்: “தராசில் பெரிய கிராணியாரன்றி வேறொருவரும் கைவைக்கலாகாது. 3-11-1924.” எழுதி ஒட்டியவன் நான். என் நெஞ்சு முரசுபோல அடித்தது. அதையும் ஓர் எண்ணமாகக் கருதிக்கொண்டேன்.

“ஐயா தூங்கிட்டாரு போல,” என்றான் வரிசையில் நின்ற செல்லன்.

“தூங்குனா கொறட்ட வரும்டா. இது வேற என்னமோ.”

“அப்ப போயிட்டாரா?”

“அட, வாயக் கழுவு! மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாரு.”

“நான் ஏன் வைக்கணும்? நீங்கதானே மண்டோரு.”

புளித்த ரப்பர்ப் பால் மணக்கும் ஒரு கை என் மூக்கருகே வந்து நின்றது. மச்சான், எண்ணங்களை வரவிட்டுப் போகவிடலாம். தும்மலை அவ்வாறு செய்ய முடியாது. தும்மினேன். கண் திறந்துகொண்டது. சன்னாசி இரண்டடி பின்னால் பாய்ந்து செல்லன்மேல் விழுந்தான்.

நல்லம்மாள் தன் வாளியை என் மேசைக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

“இந்தாங்க, நல்லா பாத்துக்கங்க. கண்ண மூடுனது நீங்க. பாதிக் கூலி எங்களுக்கா? எம் புள்ளைகளையும் வயித்த மூடிக்கிட்டு இருக்கச் சொல்லட்டா?”

வரிசை முழுவதும் ஒரே குரலாய் எழுந்தது. அந்த வேளையில்தான் வெளியே மோட்டார் வண்டியின் ஊதல் கேட்டது. டாக்டர்! துரை! கொட்டகை நிறையக் கட்டிப்போன பால்! மாத முடிவில் கப்பல்! எனக்கு நெஞ்சென்று ஒன்று இருப்பதே அப்போது மறந்துபோயிற்று. எழுந்தேன். “சன்னாசி, கட்டியைத் தூக்கித் தராசிலை வை! வீரசிங்கம், ஏன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறாய், நம்பரை வாசி! இண்டைக்கு ஒருத்தருக்கும் அரைப் பேர் இல்லை, எல்லாருக்கும் முழுப் பேர்!” என்று கத்தினேன். கத்திக்கொண்டே நிறுத்தேன், நிறுத்துக்கொண்டே எழுதினேன். துரை வாசலில் நின்று “பால் எங்கே? இது என்ன?” என்றார். கட்டையாய், சிவப்பாய், மீசையே இல்லாத ஒருவர் உள்ளே வந்து என் இடது கையைப் பற்றினார். யார் என்று நிமிர்ந்து பார்க்கவும் எனக்கு நேரமில்லை.

“ஐயா, எங் கட்டிய கொறச்சுப் போட்டுட்டீங்க!”

“நல்லம்மாள், தராசு முள்ளுப் பொய் சொல்லாது!”

“முள்ளு சொல்லாது. நீங்க கண்ணத் தொறந்து பாருங்க!”

பார்த்தேன். அவள் சொன்னதே சரி. இரண்டு ராத்தல் குறைத்துவிட்டேன். திருத்தி எழுதினேன். அதற்குள் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, என் கையை விட்டு, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பின்னால் நின்ற சிவானந்தத்தின் வாய் பிளந்தது.

“ஐயா! முப்பது வயசுப் பொடியன்ரை நாடி எண்டு சொல்லுறார்! வேலைக்குத் தகுதியாம்!”

பரிசோதனை முடிந்துபோயிற்று. பால் ஏன் கட்டியது என்று துரை கேட்டார். “நான் கண்ணை மூடியிருந்தேன், சனங்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் கூலி குறையக்கூடாது,” என்றேன். எதற்காக மூடினாய் என்றார். அமைதிக்காக என்று உள்ளதைச் சொன்னேன். “அமைதி,” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். கூலி குறையவில்லை.

ஆகவே நான் கண்ட முடிவு இது. எனக்கு அமைதி வேண்டுமென்றால் அது தராசுக்கும் நல்லம்மாளின் வாய்க்கும் நடுவில்தான் இருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டு, குரலெடுத்து, வியர்க்க வியர்க்க அடையவேண்டியது. உமது முறை சாய்மனைக் கதிரைக்காரருக்கு உரியது. அந்தக் கடிதத்தை அன்று பிற்பகலே கிழித்துப் போட்டுவிட்டேன். இனிமேல் இவ்வகைப் புத்திமதி எழுதி அத்தானின் உத்தியோகத்துக்கு உலைவைக்கவேண்டாம் என்று கண்டிப்பாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

வாகீஸ்வரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உமது வளவில் மாவும் பலாவும் காய்க்க, கிணறு வற்றாதிருக்க, உமக்கும் சற்று வேலை கிடைக்க எல்லாம்வல்ல இறைவனை வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
உமது அத்தான்,
வே. அருளம்பலம்,
பெரிய கிராணி.

பின்குறிப்பு: 1-7-1927, வெள்ளிக்கிழமை. தபாலில் சேர்க்குமுன் இதை எழுத நேர்ந்தது. இன்று முதல் பால் நிறுப்பது வீரசிங்கம் என்று துரை உத்தரவிட்டுவிட்டார். எனக்குக் கணக்கெழுதும் கந்தோரின் பின்புறம் தனி அறை. புதுத் திரை, பிரம்பு நாற்காலி. ஒருவரும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். “கிராணி அமைதி கேட்டான். குடுத்தாச்சு,” என்று தம் கையாலேயே கதவைச் சாத்திவிட்டுப் போனார். சம்பளத்தில் குறைவில்லை; பட்டமும் அப்படியே இருக்கிறது. காலை முதல் உட்கார்ந்திருக்கிறேன். கொட்டகையில் நல்லம்மாள் வீரசிங்கத்தோடு சண்டை பிடிப்பது மெல்லக் கேட்கிறது. அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு தடவை எழுந்து கதவுவரை போய்த் திரும்பினேன். நெஞ்சு மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. பெரிய டாக்டர் டிசம்பர் மாதம் மறுபடியும் வருகிறார். மேலே எழுதியவற்றை மனதில் வைத்துக்கொள்ளாமல், உமது முறை முழுவதையும், முக்கியமாய் அந்த மூன்றாம் பக்கத்தை, அடுத்த கப்பலிலேயே திரும்ப எழுதி அனுப்பவும்.