மனைவிக்கு நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம்

என் மனைவிக்கு வேலை கிடைக்கவே கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே தீர்மானம் செய்தேன். என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சட்டை எந்த அலமாரியில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்தவள் அவள். அவள் வேலைக்குப் போய்விட்டால் நான் சட்டை இல்லாமல்தான் ஆபீஸ் போக வேண்டியிருக்கும். கவலை அவ்வளவுதான்.

அன்று காலை பேப்பரைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர் தேவையாம்.

"பையனும் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். நான் இதுக்குப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேங்க."

"தாராளமா போடு. விண்ணப்பத்தை நானே எழுதித் தரேன்."

"நீங்களா?"

"பின்னே? வீட்டுல ஒரு நிபுணனை வச்சுக்கிட்டு வெளியில போய்க் கேப்பியா?"

நிபுணன் என்றது பொய்யில்லை. மின்விசிறி செய்யும் கம்பெனியில், ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். வருகிற விண்ணப்பங்களை முதலில் பார்ப்பது நான்தான். நான் தள்ளிவிட்டால் அது மேனேஜர் மேஜையை எட்டிக்கூடப் பார்க்காது. எதைப் படித்தால் வேலை கொடுப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், எதைப் படித்தால் கொட்டாவி விடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அன்று மதியம் ஆபீசில் உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் நான் குப்பைக்கூடைக்கு அனுப்பிய விண்ணப்பங்களின் குறைகளையெல்லாம் ஒரே விண்ணப்பத்தில் திரட்டினேன். கலைநயத்தோடு செய்தேன் என்றே சொல்ல வேண்டும். சாயங்காலம் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"இத்தனை பக்கமா?"

"கனமா இருந்தாத்தான் மதிப்பு."

"எட்டாங்கிளாஸ் ஓட்டப்பந்தயத்துல மூணாவதா வந்தது மருந்துக் கிடங்குக்கு எதுக்குங்க?"

"சுறுசுறுப்பு தெரிய வேண்டாமா?"

"கடின உழைப்பாளி, நேர்மையானவள், பொறுப்பானவள்னு வரிசையா இருக்கு. என்ன செஞ்சேன்னு ஒண்ணையும் காணோமே?"

"நம்மளே சொல்லிக்கிட்டா தற்பெருமை."

"கல்யாணத்துக்கப்புறம் வீட்டுல இருந்த வருஷமெல்லாம் எங்கே போச்சு?"

"அதை மூடி மறைச்சுடணும். தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க."

"'எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்'னு வேற எழுதியிருக்கீங்க."

"அது பணிவும்மா."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அந்த விண்ணப்பத்தைப் படித்த பிறகும் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கோ வைத்தியம் தேவை என்று நினைத்தேன். போய்விட்டு வந்தவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "கிடைச்சிடுச்சுங்க" என்றாள்.

சமாளித்துக்கொண்டு, "எல்லாம் நான் எழுதினதோட மகிமை" என்றேன்.

"ஆமாங்க. அது இல்லேன்னா என்னால எழுதியிருக்கவே முடியாது" என்று கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

ஒரே பக்கம். மேலே எந்த வேலைக்கு என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இத்தனை வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டை நடத்தியதை ஒளிக்காமல் எழுதியிருந்தாள். படுக்கையில் கிடந்த மாமனாருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்ததையும், தேதி முடிந்த மருந்து ஒன்றுகூட அலமாரியில் தங்காமல் பார்த்துக்கொண்டதையும் எழுதியிருந்தாள். எது தீரப் போகிறது என்று முன்கூட்டியே பார்த்து வாங்கிவைக்கும் முறையை நாலே வரியில் விளக்கியிருந்தாள். கடைசியில் இப்படி: 'என் கணவர் தினமும் எதையாவது தொலைப்பார். இதுவரை நான் கண்டுபிடித்துக் கொடுக்காதது எதுவும் இல்லை.'

பிரமித்துப் போனேன். மலைபோலக் குவிந்த காகிதங்களைப் படித்துத் தள்ளியவன் நான். என் மேஜைக்கு இப்படி ஒன்று வந்ததே இல்லை. வந்திருந்தால் நானே எழுந்து ஓடிப்போய் மேனேஜரிடம் கொடுத்திருப்பேன். படுத்திருந்த என் அப்பாவின் மருந்து மாத்திரைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியிடமா இத்தனை வருடம் சட்டை எங்கே, கண்ணாடி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தேன்? பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"இதை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான். நீங்க எழுதினதை முன்னால வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் நேர் எதிரா எழுதினேன்."

"நான் வேணும்னே கெடுத்தேன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு போன வருஷம் சொன்னேன். இன்னும் ஒழுகுது. இதைச் சொன்ன அன்னிக்கே முடிச்சுக் கொண்டுவந்து குடுத்தீங்க. அப்பவே புரிஞ்சு போச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை நேர்முகத் தேர்வு செய்தவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது.

"திங்கக்கிழமையிலேருந்து நான் விடிஞ்சதும் கிளம்பணும். இந்த வீட்டுல சமையல், துணி, பாத்திரம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு இடம் காலியாகுது."

"எனக்கு அடுப்பைப் பத்த வைக்கக்கூடத் தெரியாதேம்மா."

"பரவாயில்லைங்க" என்றாள், "முன் அனுபவம் தேவையில்லை."